1984-ன் பாப் பாட்டுகள்: ஒரு கீபோர்டுக்காரனின் பதில்

கேட்டவர் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். அவருடைய அண்ணன் 1984-ல் பிறந்தவர். பிறந்தநாளுக்கு அந்த வருடத்து ஆங்கில பாப் பாட்டுகளைத் தொகுத்துக் கொடுக்க ஆசை. எங்கே தேடினாலும் அதே இருபது பாட்டு வருகிறது, கேட்டால் எல்லாம் ஒரே ஆள் போட்ட மாதிரி இருக்கிறது. பாப் இசையின் பொன்னான வருடம் 1984 என்கிறார்களே, நிஜமா, இல்லை வயதானவர்களின் ஏக்கப் பேச்சா? உங்களுக்குப் பிடித்தவை எவை, ஏன்? பட்டியல் கேட்பதுபோல் இருந்தாலும் உள்ளே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்தப் பாட்டுகள் ஏன் ஒரே மாதிரி ஒலிக்கின்றன என்பது ஒன்று. அந்த ஒரே மாதிரிக்குள் தனியாக நிற்பது எது என்பது இன்னொன்று. இரண்டாவதைச் சொல்ல முதலாவதைச் சொல்லியாக வேண்டும்.

அதற்குமுன் என் பக்கத்துக் கதை. சென்னையில் ஒரு நட்சத்திர ஹோட்டல் லவுஞ்சில் பதினோரு வருடம் கீபோர்டு வாசித்தேன், வாரத்தில் ஆறு ராத்திரி. அப்புறம் ரெக்கார்டிங் தியேட்டரில் மிக்ஸிங் பக்கம் வந்துவிட்டேன். 1984-ல் எனக்கு ஒன்பது வயது. அப்போது என் காதில் விழுந்ததெல்லாம் இளையராஜா. பிரின்ஸ் என்று ஒரு அமெரிக்கப் பாடகர் இருப்பதே தெரியாது. அதனால் இந்தப் பாட்டுகள்மேல் எனக்கிருக்கும் பிரியம் பால்ய நினைவால் வந்ததில்லை, சம்பளத்துக்காக வாசித்து வாசித்து ஒட்டிக்கொண்டது. அதில் ஒரு சாய்வும் உண்டு. கையில் வாசிக்கச் சுகமாக இருக்கும் பாட்டைக் கொஞ்சம் தூக்கிப் பேசுவேன். நடனத் தளத்தில் நின்று கேட்டால்தான் பிடிபடும் பாட்டுகளைக் குறைத்துப் பேசிவிடுவேன். அதே வருடம் நியூயார்க்கில் வளர்ந்துகொண்டிருந்த ஹிப்ஹாப் பற்றி நான் தீர்ப்புச் சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் பக்கம் என் காது பழகவில்லை.

முதலில் ஒரு கணக்கு. '1984-ன் பாட்டு' என்றால் எது? வெளியான தேதியா, எல்லோரும் பாடித் திரிந்த தேதியா? வான் ஹேலனின் 'ஜம்ப்' 1983 டிசம்பரில் வெளிவந்தது. அமெரிக்காவின் வாராந்தரப் பாட்டுத் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100-ல் முதலிடத்துக்கு வந்தது 1984 பிப்ரவரி கடைசியில். ஃப்ராங்கி கோஸ் டு ஹாலிவுட் குழுவின் 'ரிலாக்ஸ்' 1983 இலையுதிர்காலத்தில் வெளியாகி, 1984 ஜனவரியில் பிபிசி அதை ஒலிபரப்ப மறுத்த பிறகு பிரிட்டனில் முதலிடத்தில் ஐந்து வாரம் உட்கார்ந்தது. ஜார்ஜ் மைக்கேலின் 'கேர்லெஸ் விஸ்பர்' முதலிடத்துக்கு வந்தது பிரிட்டனில் 1984 ஆகஸ்ட், அமெரிக்காவில் 1985 பிப்ரவரி. பில்போர்டின் 1985 ஆண்டுப் பட்டியலில் முதல் பாட்டே அதுதான். எந்த முறையை எடுத்தாலும் யாராவது ஒருவர் சண்டைக்கு வருவார். நான் எடுத்துக்கொள்வது, அந்த வருடம் ரேடியோவில் ஓடியதா என்பதை மட்டும். அண்ணன் தொட்டிலில் கிடந்தபோது பக்கத்து வீட்டு ரேடியோவில் கேட்டிருக்கக்கூடியவை என்று வைத்துக்கொள்ளுங்கள். (வீடு மதுரையில் என்றால் கேட்டிருக்கமாட்டார், அது வேறு.)

சரி, ஏன் ஒரே மாதிரி கேட்கிறது? இதற்குத் தெளிவான பதில் உண்டு, ரசனை விவகாரமே இல்லை. எல்லோரும் வைத்திருந்தது ஒரே கருவிகள். 1980-ல் ராஜர் லின் என்பவர் எல்எம்-1 என்ற டிரம் மெஷினைக் கொண்டுவந்தார். அதற்கு முந்தைய மெஷின்கள் டிரம் மாதிரி ஒரு சத்தத்தை மின்சாரத்தில் உண்டாக்கின. இது உண்மையான டிரம் அடியையே டிஜிட்டலாகப் பதிந்து வைத்திருந்தது. 1982-ல் அதன் தம்பியாக, இன்னும் மலிவாக, லின்டிரம் வந்தது. 1983 ஜனவரியில் மிடி. ஒரு கம்பெனியின் கீபோர்டை அழுத்தினால் போட்டிக் கம்பெனியின் கீபோர்டு வாசிக்கும் ஏற்பாடு அது. அதே வருடம் யமஹா டிஎக்ஸ்7. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கண்டுபிடித்த எஃப்எம் முறையில் (ஒரு அலையால் இன்னொரு அலையை ஆட்டிவைப்பது, ரேடியோ எஃப்எம் இல்லை) ஒலியை உண்டாக்கும் கீபோர்டு, விலை இரண்டாயிரம் டாலருக்கு ஐந்து டாலர் குறைவு. அதற்குமுன் அந்தத் தரத்தில் ஒரு கருவி வேண்டுமென்றால் வீட்டை அடகு வைக்க வேண்டும்.

டிஎக்ஸ்7-ல் ஒரு வேடிக்கை இருந்தது. அதில் சொந்தமாக ஒரு டோன் உருவாக்குவது மகா கஷ்டம். திருகுவதற்குக் குமிழ்களே கிடையாது. தட்டையான பொத்தான்கள், இரண்டு வரித் திரை, உள்ளே ஒன்றையொன்று ஆட்டிவைக்கும் ஆறு ஆபரேட்டர்கள், அதாவது ஒலி அலைகள். நான் இரண்டாம் கையாக வாங்கிய ஒன்றோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டினேன். ஒரு நல்ல மணியோசை செய்ய உட்கார்ந்தால் பாதி ராத்திரியில் தகர டப்பா ஓசை வந்து நிற்கும். ஆகவே பெரும்பாலானவர்கள் கம்பெனி போட்டுக் கொடுத்த டோன்களையே வாசித்தார்கள். அதன் 11-ஆம் டோன் ஒரு எலெக்ட்ரிக் பியானோ, கண்ணாடிக் குவளையை ஸ்பூனால் தட்டின மாதிரி. அந்தக் காலத்து மெதுவான காதல் பாட்டுகளை வரிசையாகப் போட்டால் பாதியில் அது கேட்கும். நம் ஊர்க் கல்யாண வரவேற்புக் கச்சேரிகளுக்கும் பின்னால் அது வந்து சேர்ந்தது. இதோடு ஸ்னேர் டிரம்மைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1980-ல் வெளிவந்த பீட்டர் கேப்ரியலின் ஆல்பத்துக்கு லண்டனின் டவுன்ஹவுஸ் ஸ்டூடியோவில் ஃபில் காலின்ஸ் வாசித்தபோது, ஹியூ பேட்கம் என்ற பொறியாளர் பிடித்த ஒலி அது: பெரிய மண்டபத்தில் அடித்தமாதிரி விரிந்து, உடனே கதவைச் சாத்தினதுபோல் நின்றுவிடும். நான்கு வருடத்தில் அது ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

அதனால் உங்கள் காது சொல்வது சரி. சமையல்காரர்கள் வேறு வேறு, மசாலாப் பொட்டலம் ஒன்று. இனி நான் சொல்வது என் கருத்து, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் அந்தப் பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டியவர்கள் நிறையப் பேர். எனக்குப் பிடித்தவை, யாரோ ஒருவர் ஒன்றைப் போடாமல் விட்ட பாட்டுகள்.

அதில் தலை, பிரின்ஸின் 'வென் டவ்ஸ் க்ரை'. 'பர்ப்பிள் ரெயின்' படத்தின் இயக்குநர் ஆல்பர்ட் மக்னோலி, பெற்றோர் சண்டையும் காதலும் கலந்த ஒரு பகுதிக்குப் பாட்டு வேண்டும் என்று கேட்டார். பிரின்ஸ் எழுதி, எல்லா வாத்தியத்தையும் தானே வாசித்து, ஹாலிவுட்டின் சன்செட் சவுண்ட் ஸ்டூடியோவில் முடித்தார். முடித்தபிறகு, கீழ் ஸ்ருதியில் பாட்டைத் தாங்கிப் பிடிக்கும் பேஸ் கிடாரை எடுத்துவிட்டார். பாட்டு முழுக்க பேஸ் இல்லை. நடனப் பாட்டில் பேஸை எடுப்பதென்றால் வீட்டின் அஸ்திவாரத்தை உருவிவிட்டு மாடியில் குடியிருப்பது மாதிரி. இதை 1984 மே மாதம் வெளியிட்டார்கள். ஜூலையிலிருந்து ஐந்து வாரம் அமெரிக்காவில் முதலிடம், அந்த ஆண்டின் முதல் பாட்டும் அதுவே என்று பில்போர்டு கணக்குச் சொன்னது.

கேட்டால் முதல் நிமிடத்தில் பலருக்குத் தெரியாது. ஏதோ மூச்சுமுட்டுகிற மாதிரி இருக்கும், காரணம் புரியாது. கிடார் ஒரு கணம் சீறிவிட்டுப் போகும். அப்புறம் எல்எம்-1-ன் தாளம் வரும். அதில் மரக்கதவைக் கணுவால் தட்டுகிற மாதிரி ஒரு ஓசை திரும்பத் திரும்ப வரும். டிரம் விளிம்பில் குச்சி படும் சத்தத்தை அந்த மெஷினின் ஸ்ருதிக் குமிழைத் திருகிக் கீழே இறக்கியது அது. எல்லோரும் எல்எம்-1-ஐ உண்மையான டிரம்மருக்குப் பதிலாக வைத்தார்கள், இவர் அதை வேறொரு வாத்தியமாக ஆக்கிக்கொண்டார். பேஸ் இருக்க வேண்டிய கீழ்த்தளம் காலி. அந்தக் காலி இடத்தில் குரல் தனியாக நிற்கிறது. பெற்றோரைப்போலவே நானும் ஆகிவிட்டேனோ என்று ஒருவன் தன்னையே கேட்டுக்கொள்ளும் பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான மேடை எது?

எங்கள் லவுஞ்சில் இதை வாசித்துப் பார்த்தோம். எங்கள் பேஸ் கிடார்காரர் நல்ல வாசிப்பாளர், பொறுமைசாலி. பாட்டு முழுவதும் கிடார்மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். நான்கைந்து ராத்திரி நின்றார். ஒரு சனிக்கிழமை, கூட்டம் அதிகம், கை துறுதுறுக்க, இரண்டாம் சரணத்தில் மெல்ல நுழைந்துவிட்டார். தப்பான நோட் ஒன்றுகூட இல்லை. தாளத்தோடு கச்சிதமாகத்தான் வாசித்தார். அவ்வளவுதான், பாட்டு செத்துவிட்டது. லிஃப்டில் ஓடும் பாட்டு மாதிரி ஆகிவிட்டது. இடைவேளையில் அவரே வந்து, "சார், நான் உள்ள வந்திருக்கக்கூடாது" என்றார். பிரின்ஸ் ஏன் எடுத்தார் என்பதற்கு எனக்கு அன்றைக்குக் கிடைத்த விளக்கம் போதும். பேஸோடு கேட்டபோது வழக்கமான பாட்டுபோல் தோன்றியதால் எடுத்தார் என்றுதான் கூட இருந்தவர்களும் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்தது டினா டர்னர். 'வாட்ஸ் லவ் காட் டு டூ வித் இட்' அவருக்காக எழுதப்பட்ட பாட்டு இல்லை. டெரி பிரிட்டனும் கிரஹாம் லைலும் எழுதியது. பிரிட்டிஷ் பாடகர் கிளிஃப் ரிச்சர்டிடம் போய்த் திரும்பியது. பக்ஸ் ஃபிஸ் என்ற பிரிட்டிஷ் குழு பதிவுசெய்து வைத்து, வெளியிடாமல் விட்டது. அந்தப் பதிவு பிறகு 2000-ல் வெளிவந்தது. கேட்டுப் பாருங்கள், அதே மெட்டு, சோடா இறங்கிப்போன மாதிரி இருக்கும். டினாவுக்கும் முதலில் பாட்டு பிடிக்கவில்லை. அவர் அறுபதுகளில் மேடை அதிரக் கத்திப் பாடியவர். இங்கே பல்லவி வரும்வரை குரலைப் பாதிதான் திறக்கிறார். கத்தக்கூடிய ஒருவர் கத்தாமல் பாடும்போது வருகிற பாரம், கத்தவே தெரியாதவர் மெதுவாகப் பாடும்போது வராது. நடுவில் ஹார்மோனிகா மாதிரி ஒன்று வருகிறதே, அது ஹார்மோனிகா இல்லை, டிஎக்ஸ்7. ஆக மசாலாப் பொட்டலம் இங்கேயும் இருக்கிறது, ஆனால் அடங்கி ஓரமாக. 1984 செப்டம்பரில் மூன்று வாரம் முதலிடம். அப்போது அவருக்கு வயது 44. ஹாட் 100-ல் அவருக்குக் கிடைத்த ஒரே முதலிடம் அது. மறுவருடம் கிராமியில் ஆண்டின் சிறந்த பதிவு.

சிண்டி லாப்பரின் 'டைம் ஆஃப்டர் டைம்' பற்றி நான் நடுநிலையாகப் பேச முடியாது. என் கல்யாணத்துக்கு நண்பர்கள் வாசித்த பாட்டு. ஆனாலும் சில விஷயங்கள் உறுதியானவை. ஆல்பம் கிட்டத்தட்ட முடிந்தபிறகு, இன்னும் ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டதால், ராப் ஹைமனோடு உட்கார்ந்து எழுதியது. தலைப்பு, தொலைக்காட்சி நிகழ்ச்சிப் பத்திரிகையைப் புரட்டியபோது கண்ணில் பட்ட ஒரு படத்தின் பெயர். தற்காலிகமாக வைத்துக்கொள்வோம் என்று எடுத்தது, கடைசிவரை மாற்ற முடியாமல் போயிற்று. தயாரிப்பாளரின் கைக்கடிகாரத்தில் நொடி முள் சரியாக ஓடாமல் பின்னால் போனதைப் பார்த்து ஒரு வரி வந்தது என்று சிண்டியே சொல்லியிருக்கிறார். பல்லவியில் கூடவே வரும் ஆண் குரல் ராப் ஹைமனுடையது. சரணத்தில் இரண்டே கார்டுதான் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மாறி மாறி வருகிறது, ஊஞ்சல் மாதிரி. வீடு வந்து சேர்ந்த உணர்வு பல்லவியின் கடைசியில்தான் கிடைக்கும். கீபோர்டு கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். இரண்டு கார்டில் எவ்வளவு நேரம் ஒருவரைக் காக்க வைக்கலாம் என்பதற்கு நல்ல பாடம். மறுவருடமே ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸ் டிரம்பெட்டில் இதை வாசித்து வெளியிட்டார். ஜாஸ் உலகத்தில் பலர் முகம் சுளித்தார்கள். அவர் பாட்டுக்கு, சாகும்வரை மேடையில் வாசித்துக்கொண்டிருந்தார்.

இனி 'கேர்லெஸ் விஸ்பர்'. இதை நான் எத்தனை முறை வாசித்தேன் என்று கணக்கே கிடையாது. தினம் ஒருமுறை யாராவது டிஷ்யூ காகிதத்தில் எழுதி அனுப்புவார்கள். எங்களிடம் சாக்ஸஃபோன் இல்லை. கீபோர்டின் சாக்ஸ் டோனில் அந்த முகப்பு இசையை வாசிப்பதைவிட அவமானம் வேறில்லை. மூக்கடைத்த வாத்து மாதிரி இருக்கும். மூச்சு இழையும் இடத்தில் விரல் தடுக்கும். ஒரு தடவை ஒரு விருந்தினர் எழுந்து வந்து, ரொம்ப மரியாதையாக, "அந்த ஆரம்பத்தை மட்டும் விட்டுடுங்களேன், தம்பி" என்றார். அதிலிருந்து பியானோவில்தான் தொடங்குவேன்.

அந்த முகப்பு இசைக்காக அவர்கள் பட்ட பாடு பெரிது. வாம் என்ற இருவர் குழுவின் ஜார்ஜ் மைக்கேலும் ஆண்ட்ரூ ரிட்ஜ்லியும் இருபது வயதுக்குமுன்பே எழுதிய பாட்டு. முதலில் அமெரிக்காவின் மஸில் ஷோல்ஸ் ஸ்டூடியோவுக்குப் போய், சோல் பாடகி அரேதா ஃபிராங்க்ளினின் பாட்டுகளைத் தயாரித்த ஜெரி வெக்ஸ்லரை வைத்தே பதிவுசெய்தார்கள். பெரியவர், பெரிய இடம். கேட்டுவிட்டு, இது இல்லை என்று ஜார்ஜ் ஒதுக்கிவிட்டார். இருபது வயதுப் பையன் செய்த காரியம் இது! பிறகு லண்டனில் தானே தயாரித்துத் திரும்பப் பதிவுசெய்தார். சாக்ஸ் வாசிக்க ஒருவர் மாற்றி ஒருவராக வந்து போனார்கள். எத்தனை பேர் என்பது சொல்பவரைப் பொறுத்து எட்டிலிருந்து பத்துக்குமேல் வரை போகும், ஆகவே அந்த எண்ணிக்கையை யாராவது அடித்துச் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். கடைசியில் வாசித்தவர் ஸ்டீவ் கிரிகரி, இது உறுதி. அவர் பின்னால் சொன்ன கதை ஒன்று உண்டு. தன் பழைய சாக்ஸில் உச்ச நோட்டுக்கான சாவி இல்லாததால், டேப்பை அரைக்கட்டை இறக்கி ஓடவிட்டு வாசித்தாராம், பிறகு வேகத்தைச் சரிசெய்தார்களாம். அதனால்தான் அந்த ஒலி சாக்ஸாகவும் இல்லாமல் குரலாகவும் இல்லாமல் நடுவில் நிற்கிறது என்பார்கள். டேப் காலத்தில் வேலை செய்தவன் என்ற முறையில் எனக்கு இது நம்பும்படி இருக்கிறது. வேகத்தைத் திருகினால் நாதத்தின் குணமே மாறும்.

'ஜம்ப்' எனக்கு வாசிக்கப் பிடித்த பாட்டு, கேட்கப் பிடித்ததா என்பது சந்தேகம். ஆனால் அதன் பின்னாலிருக்கும் பிடிவாதம் பிடிக்கும். எடி வான் ஹேலன் அன்றைய கிடார் உலகின் முதல் ஆள். அவர் ஓபர்ஹைம் சிந்தசைசரில் ஒரு மெட்டைப் பிடித்து வந்தபோது, கிடார்க்காரன் எதற்குக் கீபோர்டைத் தொடுகிறான் என்று குழுவுக்குள் எதிர்ப்பு. பாடகர் டேவிட் லீ ராத் அதை முதலில் வேண்டாமென்றார். எடி தன் வீட்டிலேயே 5150 என்று பெயர்வைத்து ஒரு ஸ்டூடியோ கட்டிக்கொண்டு அதைப் பதிந்தார். ஐந்து வாரம் முதலிடம். அதனால் ஒரு பாட்டு இரண்டாமிடத்தோடு நின்றது: ஜெர்மனியின் நேனா குழு பாடிய '99 லுஃப்ட்பலோன்ஸ்'. மேற்கு பெர்லினில் ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரியில் பறக்கவிட்ட பலூன்கள் சுவரைத் தாண்டிக் கிழக்கே போனால் என்ன ஆகும் என்று அந்தக் குழுவின் கிடார்காரர் யோசித்ததில் பிறந்தது. பலூனைப் பார்த்துப் பயந்து யுத்தம் மூண்டுவிடும். அமெரிக்கர்கள் அதை ஜெர்மன் மொழியிலேயே, ஒரு வார்த்தை புரியாமல் கேட்டு இரண்டாமிடம்வரை ஏற்றினார்கள். பிரிட்டனில் ஆங்கில வடிவம் முதலிடம். ஜெர்மன் வடிவத்தையே கொடுங்கள். ஆங்கிலத்தில் பாட்டு சப்பென்று இருக்கும்.

யுத்த பயம் அந்த வருடம் காற்றில் இருந்தது. ஃப்ராங்கி கோஸ் டு ஹாலிவுட் குழுவின் 'டூ ட்ரைப்ஸ்' வீடியோவில் அமெரிக்க அதிபர் ரீகனும் சோவியத் தலைவர் செர்னென்கோவும் போன்ற இரண்டு பேர் மண்ணில் கட்டிப் புரள்வார்கள். ஜூனிலிருந்து ஒன்பது வாரம் பிரிட்டனில் முதலிடம், அந்தச் சமயத்தில் பழைய 'ரிலாக்ஸ்' திரும்ப ஏறி இரண்டாமிடத்துக்கு வந்து நின்றது. இந்த இரண்டையும் தயாரித்த ட்ரெவர் ஹார்னை மிக்ஸிங் ஆளாக வணங்குகிறேன். ரசிகனாக, இரண்டு பாட்டுக்குமேல் தொடர்ந்து கேட்டால் தலை வலிக்கிறது. மசாலா முழுப் பொட்டலம்.

ஸ்ப்ரிங்ஸ்டீனின் 'டான்சிங் இன் தி டார்க்' வேறு கதை. ஆல்பத்தில் ஹிட்டாகும் பாட்டு ஒன்று இல்லை, எழுது என்றார் மேலாளர் ஜான் லாண்டாவ். எழுபது பாட்டு எழுதிவிட்டேன், இன்னொன்று வேண்டுமென்றால் நீயே எழுதிக்கொள் என்று ஸ்ப்ரிங்ஸ்டீன் எரிந்து விழுந்தாராம். அன்று ராத்திரியே ஹோட்டல் அறையில் உட்கார்ந்து, எழுத வராத, தன்மேலேயே சலித்துப்போன ஒருவனைப் பற்றி எழுதிவிட்டார். மேலே துள்ளும் சிந்தசைசர், கீழே எரிச்சல். கூட்டம் ஆடும், வார்த்தையைக் கவனித்தால் ஆடுவதற்கு அதில் ஒன்றுமில்லை. நான்கு வாரம் இரண்டாமிடத்தில் நின்றது. முதலில் டுரான் டுரானின் 'தி ரிஃப்ளெக்ஸ்' மறித்தது, பிறகு 'வென் டவ்ஸ் க்ரை'. தனிப் பாடகராக அவருக்கு ஹாட் 100-ல் முதலிடம் கிடைத்ததே இல்லை. அதற்கு மிக அருகில் வந்தது இந்தப் பாட்டுதான்.

சாகா கானின் 'ஐ ஃபீல் ஃபார் யூ'வை விட்டுவிடாதீர்கள். பிரின்ஸ் 1979-ல் எழுதிப் பாடியது. ஐந்து வருடம் கழித்துத் தயாரிப்பாளர் ஆரிஃப் மார்டின் அதில் மெல்லி மெல்லின் ராப்பையும் ஸ்டீவி வொண்டரின் ஹார்மோனிகாவையும் சேர்த்தார் (இது நிஜ ஹார்மோனிகா). தொடக்கத்தில் சாகா கானின் பெயர் திக்கித் திக்கி வருகிறதே, அது கை தவறி அமுங்கியதால் வந்து, அப்படியே விட்டுவிட்டது என்று சொல்வார்கள். கதை உண்மையோ இல்லையோ, அந்தத் திக்கல் இல்லாவிட்டால் பாட்டில் பாதி இல்லை.

எல்லாப் பட்டியலிலும் இருந்தும் நான் சேர்க்காத இரண்டு உண்டு: லயனல் ரிச்சியின் 'ஹலோ', ஸ்டீவி வொண்டரின் 'ஐ ஜஸ்ட் கால்ட் டு சே ஐ லவ் யூ'. இரண்டும் பிரிட்டனில் ஆளுக்கு ஆறு வாரம் முதலிடம், இரண்டாவதற்கு ஆஸ்கர் வேறு. பதினோரு வருடம் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்தவனிடம் நியாயத்தை எதிர்பார்க்காதீர்கள். அதே ஸ்டீவியின் எழுபதுகளின் பாட்டுகளைக் கேட்டவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

பொன்னான வருடமா? விற்பனையையும் வெளியான பாட்டுகளின் எண்ணிக்கையையும் வைத்துச் சொல்ல முடியாது. 1984-க்குச் சாதகமாக நான் சொல்லக்கூடிய உறுதியான விஷயம் ஒன்று. கருவிகள் வந்து ஓரிரு வருடமே ஆகியிருந்தன, எப்படி வாசிப்பது என்ற வழக்கம் இன்னும் கெட்டிப்படவில்லை. பழைய சோல் பாடகி, ஹெவி மெட்டல் கிடார்காரர், நியூஜெர்சி ராக் பாடகர், மினியாபொலிஸின் தனி ஆள் பிரின்ஸ் எல்லோரும் ஒரே கடைச் சாமானை வைத்துக்கொண்டு ஒரே ரேடியோவில் அடுத்தடுத்து வந்தார்கள். மூன்று வருடம் கழித்து அதே சாமான் பழகிப்போய், யார் வாசித்தாலும் அடுத்தது என்ன வரும் என்று தெரிந்துவிடுகிறது. இதற்குமேல், பலர் கொண்டாடும் 1967-ஐவிடச் சிறந்ததா என்று கேட்டால் என்னிடம் தராசு இல்லை. அதோடு, அந்த வருடத்தின் மிகப் பெரிய பாட்டு ஒன்று அந்த வருடம் ஹிட்டே ஆகவில்லை. லியனர்ட் கோஹனின் 'ஹலெலூயா' 1984-ல் வந்த ஆல்பத்தில்தான் இருக்கிறது. அந்த ஆல்பத்தை வெளியிட அவருடைய அமெரிக்கக் கம்பெனி மறுத்துவிட்டது. அந்த ஆல்பத்திலும் மலிவான கீபோர்டு ஓசை உண்டு, நினைவிருக்கட்டும்.

தொகுப்பு விஷயம். அண்ணன் பிறந்த மாதத்தை நீங்கள் எழுதவில்லை. அதை வைத்து முதல் பாட்டைத் தேர்ந்தெடுத்தால் அவருக்குப் பிடிக்கும். அமெரிக்க முதலிடத்தைக் கணக்கில் எடுத்தால், மார்ச் என்றால் 'ஜம்ப்', ஜூன் நடுவில் என்றால் 'டைம் ஆஃப்டர் டைம்', ஜூலை என்றால் பிரின்ஸ், ஆகஸ்ட் பாதிக்குமேல் என்றால், பாவம், 'கோஸ்ட்பஸ்டர்ஸ்'. செப்டம்பர் முதல் மூன்று வாரம் டினா, கிறிஸ்மஸ் சமயம் மடோனாவின் 'லைக் எ வர்ஜின்'. அண்ணனுக்கு அனுப்பும்போது கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள். டிசம்பர் பிறந்தநாள் என்றால் பதிலுக்கு வாமின் 'லாஸ்ட் கிறிஸ்மஸ்' இருக்கிறது. ஜார்ஜ் மைக்கேல் தனி ஆளாக எல்லாவற்றையும் வாசித்தது. பிரிட்டனில் அந்த டிசம்பர் எத்தியோப்பியப் பஞ்சத்துக்காகப் பாடிய பேண்ட் எய்டுக்குப் பின்னால் இரண்டாமிடத்தில் நின்று, முதலிடத்துக்கு வந்தது 2021 ஜனவரி 1-ஆம் தேதி. பிரின்ஸ் பாட்டைச் சேர்க்கும்போது மட்டும் ஆல்பத்தில் உள்ள நீளமான வடிவத்தையே போடுங்கள், ரேடியோவுக்காக வெட்டிய சின்ன வடிவம் வேண்டாம். போன் ஸ்பீக்கரிலும் கேட்கக் கொடுக்காதீர்கள். அதில் எந்தப் பாட்டிலும் பேஸ் கேட்காது, இதில் இல்லை என்பது எப்படித் தெரியும்?